மறு: ‘குடல்காப்புச் சர்க்கரை’க்குப் பதில் ‘பசைநார்’

அனைவருக்கும் வணக்கம்.

> தாவரப் பாலிசாக்கரைடுகள் கீமோவால் புண்ணான குடலை ஆற்றுவதால் ‘குடல்காப்புச் சர்க்கரை’ எனலாம்.

ஐயா, பாலிசாக்கரைடுகளுக்கு, அதாவது பல சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த பொருட்களுக்கு, நீங்கள் முன்மொழிந்த இந்தப் பெயரின் இரண்டு பாதியும் எனக்கு உறுத்துகிறது. கோத்தகிரிப் பக்கம் புற்றுநோய்க்குக் கீமோ மருந்து எடுப்பவர்களுக்காக நாங்கள் தயாரிக்கும் கையேட்டுக்குத்தான் சொல் தேடுகிறோம். அவர்களில் பலருக்கு நீரிழிவும் உண்டு. ‘சர்க்கரை’ என்று கண்ணில் பட்டதுமே அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். வேதியியல் பாடநூலில் ‘கூட்டுச்சர்க்கரை’ தாராளமாக இருக்கட்டும், அங்கே அது சரியான சொல்.

‘காப்பு’தான் எனக்குப் பெரிய கவலை. குடலின் உள்படலம் 3 முதல் 5 நாட்களில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். ஃப்ளூரோயுராசில் போன்ற கீமோ மருந்துகள் வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்குபவை என்பதால் புற்றோடு சேர்த்து இந்தப் படலத்தையும் பதம் பார்க்கின்றன, சத்தை உறிஞ்சும் விரல் போன்ற குடலுறிஞ்சிகள் குட்டையாகின்றன, பேதி பிடிக்கிறது. காய்கனிகளில் இருக்கும் பெக்டின் மாதிரியான பொருட்களை நம்மால் செரிக்க முடியாது. அவை பெருங்குடல் வரை போய், அங்குள்ள பாக்டீரியாக்கள் புளிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பமிலங்களை உண்டாக்குகின்றன, பெருங்குடல் படலச் செல்களுக்கு பியூட்டிரேட்தான் முதன்மையான எரிபொருள். இதை வைத்துத்தான் இவ்வளவு நம்பிக்கை. ஆனால் கீமோ புண் ஆறுவது பற்றிய ஆதாரத்தில் பெரும்பகுதி எலிகளிடமிருந்து வந்தது. அதற்குள் பெயரிலேயே ‘காக்கும்’ என்று உறுதி கொடுத்துவிட்டால், பேதியைக் கட்டுப்படுத்த மருத்துவர் எழுதிய மாத்திரையை நிறுத்திவிட்டு ஏதாவது பொடியை வாங்கிக் கரைத்துக் குடிப்பவர் நிச்சயம் இருப்பார்.

அப்புறம், கொடைக்கானல் அக்கா ‘நார்ச்சத்து’ என்ற பழகிய சொல்லே போதும் என்கிறார்கள். புதுச்சொல் வேண்டும் என்று நான் இவ்வளவு பிடிவாதமாக நிற்பதே அந்தச் சொல்லால்தான் அக்கா. பேதியாகும்போது நார்ச்சத்தைக் குறையுங்கள் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்புவார்கள். அவர்கள் மனதில் இருப்பது பெரும்பாலும் கரையாத நார், அதாவது தவிடு, கீரைத்தண்டு, தோலோடு கூடிய பச்சைக் காய்கறி. வீட்டில் இருப்பவர்களோ நன்றாக வேகவைத்து மசித்த கேரட், வாழைப்பழம், ஓட்ஸ் கஞ்சி எல்லாவற்றையும் சேர்த்தே நிறுத்திவிடுகிறார்கள், பல நோயாளிகளுக்கு அந்த நாட்களில் அனுமதிக்கப்படுவதே இவைதான். கேத்தி பள்ளத்தாக்கு முழுக்கக் கேரட் விளையும் ஊரில், கோவைக்கு இறங்கி மருந்து ஏற்றிக்கொண்டு வந்த மனிதர் ஒன்றும் சாப்பிடாமல் துவண்டு கிடப்பதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது. எர்ன்ஸ்ட் மோரோ என்ற குழந்தை மருத்துவர் 1908-லேயே குழந்தைகளின் பேதிக்கு கேரட் சூப் கொடுத்தார். நெடுநேரம் கொதிக்கும்போது கேரட்டின் பெக்டின் சிறு துண்டுகளாக உடைகிறது, கிருமிகள் குடல் சுவரில் ஒட்டுவதை அந்தத் துண்டுகள் தடுக்கின்றன என்பது பின்னால் வந்த விளக்கம். அது தொற்றுப் பேதிக்குச் செய்தது, கீமோ பேதிக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை.

அதனால் நீரில் கரைந்து பசையாகும் நாருக்கு என் பரிந்துரை ‘பசைநார்’. என்ன செய்யும் என்று சொல்லாமல், எப்படி இருக்கும் என்று மட்டும் சொல்கிற பெயர். வெண்டைக்காய் நறுக்கிய கைக்கும் ஓட்ஸ் கிண்டிய கரண்டிக்கும் இது தெரியும். ‘ஈரப்பசை’, ‘எண்ணெய்ப்பசை’ என்று தினமும் சொல்கிறோம், ஆகவே பசை என்றால் ஒட்டும் கோந்து மட்டும்தான் என்ற மறுப்பு நிற்காது. இதற்கு எதிரே கரையாத நாரை ‘சக்கைநார்’ என்றால் ‘சக்கைநாரைக் குறையுங்கள், பசைநார் எவ்வளவு சேர்க்கலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள்’ என ஒரே வரியில் எழுதிவிடலாம்.

மலைப்பூண்டில் இருக்கும் இனுலின் என்ற நாரும் நீரில் கரையும், ஆனால் பெக்டின் அளவுக்குப் பசையாகாதே என்று யாராவது கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதை ‘இனுலின்’ என்றே எழுதுவோம், ஒரு சொல்லுக்குள் எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம். தவிர, பேதி நேரத்தில் இனுலின் வயிற்றை உப்பச்செய்யக்கூடும் என்பதால் அது தனியாக நிற்பதே நல்லது.

கீமோவால் வாய், குடல் உள்படலம் புண்ணாகும் மியூகோசைட்டிஸுக்கு வந்த ‘சளிச்சவ்வழற்சி’யையும் மாற்றியாக வேண்டும், சளி என்றதும் மக்கள் நெஞ்சைத்தான் தொடுவார்கள். ‘படலப்புண்’ என்பது என் எண்ணம், வாய்க்கும் குடலுக்கும் பொதுவாக வரும். அதைத் தனி இழையில் பேசுவோம். பசைநாருக்கு மறுப்பு இருந்தால் கையேடு அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.