தலைவலி வரட்டும் என்று காத்திருந்த மாதம்

ஒற்றைத் தலைவலியை, அதாவது மைக்ரேனைத் தடுக்கும் மருந்துக்கான ஆய்வில் சேர்ந்தேன். போனதும் ஊசி போட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். எங்கே! கட்டுக் காகிதமாய் ஒப்புதல் படிவம், ரத்தப் பரிசோதனை, ஈசிஜி. அப்புறம் 28 நாள் மருந்தே கிடையாது. தினமும் ராத்திரி போனில் டைரி மட்டும். வலித்ததா, எத்தனை மணி நேரம், ஒரு பக்கமா இரண்டு பக்கமா, குமட்டியதா, வெளிச்சம் கூசியதா, என்ன மாத்திரை போட்டீர்கள்.

மாதத்துக்கு 4 முதல் 14 நாள் வரை மைக்ரேன் இருந்தால்தான் எடுப்பார்களாம். கூத்தைக் கேளுங்கள்: இருபதாம் நாள் வரை எனக்கு மூன்றுதான். இத்தனை வருஷம் வராதே வராதே என்று கும்பிட்டவள், வந்து தொலையேன் என்று காத்திருந்தேன். 22ஆம் நாள் இடது கண்ணுக்குப் பின்னால் தெறிக்கத் தொடங்கியது. இருட்டில் படுத்து, திரை வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைத்து, ஒற்றைக் கண்ணால் பார்த்து 'ஆம்' என்று அழுத்தினேன்.

ஊசி, மைக்ரேன் வலியைத் தூண்டும் சிஜிஆர்பி என்ற புரதத்தைத் தடுக்கும் வகை. மாதம் ஒன்று, வயிற்றில். எனக்குப் போட்டது மருந்தா, மருந்தில்லாத வெற்று ஊசியா (பிளாசிபோ) என்று டாக்டருக்கும் தெரியாது. போட்ட இடம் கொஞ்சம் சிவந்தால் போதும், 'இது மருந்தேதான்' என்று மனசு தீர்ப்பெழுதிவிடும். இரண்டாம் மாதம் வலி நாட்கள் பாதியாகின. பிளாசிபோ போட்டவர்களுக்கும் இப்படிக் குறைவது சகஜம் என்று நர்ஸ் சொன்னதும் சப்பென்று ஆகிவிட்டது.

ஒரே கோபம், காத்திருக்கும் அறையில் மினுக்கிக்கொண்டே இருந்த டியூப்லைட். மைக்ரேன்காரர்களை உட்கார வைக்கிற இடமா அது?

*

உங்களைப் போல் அல்ல, நான் இருந்தது வேறு மைக்ரேன் ஆய்வு. ஊசி, மாத்திரை இரண்டும் உண்டு. அதில் ஒன்று மருந்தே இல்லாத வெற்று. மாத்திரை டோபிராமேட், மைக்ரேனைத் தடுக்கத் தரும் பழைய மருந்து. வாரம் 25 மில்லிகிராமாக ஏற்றினார்கள். மூன்றாம் வாரமே விரல் நுனியெல்லாம் மதமதப்பு. பேச்சுக்கு நடுவே 'சாவி' என்ற சொல் வரவில்லை. 'கதவு திறக்கிறது, அது' என்று கையால் திருகிக் காட்டினேன். எனக்கு எது வெற்று என்பதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. விலகிக்கொண்டேன். ஏன் என்று யாரும் நெருக்கவில்லை.

*

மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினீர்களா, படிப்படியாகவா?

*

படிப்படியாகத்தான். மிச்சத்தை எண்ணி வாங்கிக்கொண்டார்கள். ஒன்று குறைந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் சட்டைப் பையில்.