யூயிங்கின் அந்த நாலு நாளும் கில்லஸ்பியின் முழங்காலும்

கட்டாந்தரை:
பக்கத்து இழையில ஒருத்தர் போற போக்குல ஒண்ணு எழுதிட்டுப் போயிருக்கார்: "பேட்ரிக் யூயிங் ஜார்ஜ்டவுன்ல ஆறு வருஷம் கோச்சா இருந்து ஒரு மண்ணும் கிழிக்கல." பதினாலு லைக் வேற. யூயிங், அமெரிக்கக் கூடைப்பந்து ஜாம்பவான், தான் படிச்சு ஆடின வாஷிங்டன் ஜார்ஜ்டவுன் காலேஜுக்கே கோச்சா வந்தவர். படிச்சதுலேர்ந்து மனசு ஆறல. 2021 மார்ச் யாருக்குமே ஞாபகம் இல்லையா? பிக் ஈஸ்ட்ங்கிற காலேஜ் லீக்கோட கோப்பைப் போட்டி, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கம். சீசன் ஆரம்பத்துல கோச்சுகள் ஓட்டுப் போட்டு, பதினொரு டீம்ல கடைசியா வருவாங்கன்னு சொன்ன டீம் இது. எட்டாவது இடத்துல உள்ள நுழைஞ்சு நாலு நாள்ல நாலு மேட்ச் ஜெயிச்சாங்க. மார்க்கெட், வில்லனோவா, சீட்டன் ஹால், கடைசியா க்ரெய்ட்டன். ஃபைனல் ஸ்கோர் 73-48. இதுக்குப் பேர் மண்ணா?

ரீபவுண்டு ராசு:
அந்த "ஒருத்தர்" நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாம், கோவிச்சுக்க மாட்டேன். வில்லனோவால அவங்க முக்கிய ஆட்டக்காரன் கில்லஸ்பி ஆடல. பேச்சு முடிஞ்சது.

கட்டாந்தரை:
முடியலையே தம்பி. கில்லஸ்பி முழங்கால் அதுக்கு முந்தின வாரமே போச்சு, தெரியும். அதுக்கு யூயிங் என்ன பண்ணுவார்? கட்டுப் போட்டு விடணுமா? அந்த மேட்ச்ல ஜார்ஜ்டவுன் 23 ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கிற, யாரும் தடுக்க முடியாத ஷாட்) போட்டுச்சு. 23-உம் உள்ள. ஒண்ணுகூடத் தவறல. கடைசி 4.7 செகண்டு, ஒரு பாயிண்ட் பின்னாடி. கோட்டுல நிக்கிறவன் டான்டே ஹாரிஸ், காலேஜ்ல முதல் வருஷப் பையன். ரெண்டையும் சத்தமில்லாமப் போட்டான். 72-71. ஃப்ரீ த்ரோ போடும்போது கில்லஸ்பி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? கையைப் பிடிச்சு இழுப்பானா?

ரீபவுண்டு ராசு:
கில்லஸ்பி இருந்திருந்தா அந்த 4.7 செகண்டே வந்திருக்காது.

டீக்கடை பெஞ்ச்:
ஒரு டீ சொல்லுங்கப்பா, நீளமாப் போகும் போல.

வாஷிங்டன் வாசுகி:
ராசு சொல்ற காரணம் தப்பு, சொல்ற முடிவு சரி. நான் இங்கேதான் இருக்கேன். அடுத்த சீசன் டிக்கெட் வாங்கி ஏமாந்தவ. 2021-22ல பிக் ஈஸ்ட் மேட்ச் 19 ஆடினாங்க, 19-உம் தோல்வி. அதையும் சேர்த்து லீக்ல தொடர்ச்சியா 29 தோல்வி. 2023 ஜனவரில டிபால் டீமை ஜெயிச்சப்பதான் அது நின்னுச்சு. ஆறு வருஷக் கணக்கு 75 வெற்றி, 109 தோல்வி. நாலு நாளையே எத்தனை நாளைக்குக் காட்டுவீங்க அண்ணா?

கட்டாந்தரை:
அம்மா வாசுகி, அந்த நாலு நாளுக்கு அப்புறம் டீம்ல யார் இருந்தா? பிக்கெட், ப்ளேர் ரெண்டு பேரும் காலேஜ் முடிச்சாச்சு. நடுவுல தூணா நின்ன வஹாப் மேரிலாண்டுக்குத் தாவிட்டான். அதுக்கு முன்னாடியே அக்கின்ஜோ, மெக்ளங் ரெண்டு பேரும் கிளம்பியாச்சு. இப்பல்லாம் டிரான்ஸ்ஃபர் பண்றது பஸ் மாறி ஏர்ற மாதிரி. வீட்டைக் காலி பண்ணிட்டுப் போறவன் அடுப்பையும் தூக்கிட்டுப் போனா எங்க சமைக்கிறது?

வாஷிங்டன் வாசுகி:
ஏன் போனாங்கன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. ஒருத்தன் போனா பையன் தப்பு. அத்தனை பேரும் போனா வீட்டுக்காரரைத்தானே பார்க்கணும்?

ரீபவுண்டு ராசு:
அக்கா சூப்பர். கில்லஸ்பியும் ஆடல.

ஜம்ப்பால் ஜேம்ஸ்:
குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். அது யூயிங்கா, ஈவிங்கா? தமிழ்ல ரெண்டு மாதிரியும் எழுதுறாங்க. அப்புறம் 1985ல என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறை லீக்) டிராஃப்ட்ல, யூயிங்கை எடுக்கிற முதல் வாய்ப்பு நியூயார்க் நிக்ஸ் டீமுக்குப் போகணும்னு குலுக்கல் உறையை ஃப்ரீசர்ல வச்சு எடுத்தாங்கன்னு ஒரு கதை இருக்கே, அதைப் பத்தி யாருமே பேசலையே?

கட்டாந்தரை:
யூயிங். உறைக் கதையெல்லாம் நாற்பது வருஷமா ஓடுது, ஆதாரம் ஒரு துண்டு கிடையாது. வேற இழை தொடங்குங்க.

ஜம்ப்பால் ஜேம்ஸ்:
ஓரம் மடங்கின உறை வீடியோல தெரியுது சார். கண்ணாடி போட்டுப் பாருங்க.

டீக்கடை பெஞ்ச்:
வந்துட்டார்யா ஃப்ரீசர்காரர். போன வருஷம் ஜோர்டான் இழையை மூட வச்சதும் இவர்தான்.

ஜம்ப்பால் ஜேம்ஸ்:
மூடினது மாடரேட்டர். எழுதினது நீங்க. என்னை "வாட்ஸப் விஞ்ஞானி"ன்னு சொன்னதை நான் மறக்கல.

கட்டாந்தரை:
உங்க சண்டையை வெளில வச்சுக்கங்க. நான் சொல்ல வந்ததே வேற. 1985 காலேஜ் சாம்பியன்ஷிப் ஃபைனல்ல இதே வில்லனோவா, ஜார்ஜ்டவுனுக்கு ஆடின இதே யூயிங்கை 66-64ல அழ வச்சுது. அன்னைக்கு அவங்க போட்ட 28 ஷாட்ல 22 உள்ள விழுந்துச்சு. அந்த மாதிரி ஒரு மேட்ச் திரும்ப வராது. முப்பத்தாறு வருஷம் கழிச்சு அதே மனுஷன் கோச்சா நின்னு அவங்களை ஒரு பாயிண்ட்ல அனுப்புறார். எங்கே? தன்னோட 33-ஆம் நம்பர் பனியன் கூரையில தொங்குற கார்டன்ல. அந்த வாரம் அங்க காவலுக்கு நின்னவங்க அவரையே நிறுத்தி பாஸ் கேட்டிருக்காங்க. மனுஷன் பிரஸ் மீட்லயே பொங்கிட்டார், இங்க எல்லாருக்கும் நான் யாருன்னு தெரிஞ்சிருக்க வேண்டாமான்னு. ஏழு அடி மனுஷன், பதினைஞ்சு வருஷம் நிக்ஸுக்காக அதே தரையில வேர்வை சிந்தினவர். இன்னொண்ணு. க்ரெய்ட்டனை ஜெயிச்ச மார்ச் 13 எந்த நாள் தெரியுமா? 1972ல ஜான் தாம்ப்சனை ஜார்ஜ்டவுன் கோச்சாப் போட்ட அதே தேதி. யூயிங்கை வளர்த்த குரு. அவர் போய்ச் சேர்ந்து ஏழு மாசம்கூட ஆகல. எனக்கு அன்னைக்குக் கண்ணு கலங்கிடுச்சு, சொல்றதுக்கு என்ன வெட்கம்.

ரீபவுண்டு ராசு:
தேதி ஜோசியம் பார்த்தாச்சு. அதுக்கு அடுத்த மேட்சையும் சொல்லுங்கண்ணே. நாடு முழுக்க நடக்கிற என்சிஏஏ காலேஜ் போட்டி, முதல் ரவுண்டு, கொலராடோகிட்ட தோல்வி. 96-73. அங்கே ஏன் நின்னுடுச்சு உங்க கதை?

கட்டாந்தரை:
கொலராடோ அன்னைக்கு எது போட்டாலும் விழுந்துச்சு. நீ எந்த கிரவுண்டுல ஆடியிருக்க ராசு? முதல்ல அதைச் சொல்லு.

ரீபவுண்டு ராசு:
வந்துடுச்சு. நான் ஆடினது சிமெண்ட் தரை, வலை இல்லாத வளையம். போதுமா? ஆடாதவன் பேசக் கூடாதுன்னா உங்க பேர்லயே கட்டாந்தரைதானே இருக்கு.

வாஷிங்டன் வாசுகி:
என்னோட கேள்விக்கு இன்னும் பதில் வரல. அத்தனை பேரும் ஏன் போனாங்க?

கட்டாந்தரை:
அம்மா, விஸார்ட்ஸ், ராக்கெட்ஸ், மேஜிக், ஹார்னெட்ஸ்னு அத்தனை வருஷம் உதவிக் கோச்சாவே நின்னவர். என்பிஏல ஒருத்தன்கூட முதல் நாற்காலி தரல. தாய்வீடுதான் கூப்பிட்டுச்சு.

வாஷிங்டன் வாசுகி:
இது நான் கேட்டதுக்குப் பதிலா?

டீக்கடை பெஞ்ச்:
தாய்வீடே 2023 மார்ச்ல வெளியே அனுப்பி, பிராவிடன்ஸ்லேர்ந்து எட் கூலியைக் கூட்டிட்டு வந்துடுச்சே தலைவரே.

கட்டாந்தரை:
அனுப்பினா அந்தக் கோப்பையைத் திருப்பி வாங்கிட்டாங்களா? க்ரெய்ட்டன் டீம்ல யாருக்காவது முழங்கால் போச்சா? 25 பாயிண்ட் வித்தியாசம் ராசு, 25. சீட்டன் ஹாலுக்கு என்ன சாக்கு வச்சிருக்க?

ரீபவுண்டு ராசு:
வில்லனோவாவைத் தாண்டினாத்தானே சீட்டன் ஹால்? கில்லஸ்பி.

ஜம்ப்பால் ஜேம்ஸ்:
உறை வீடியோ கிடைச்சுடுச்சு. சுட்டி போடவா?