எழுத்துவழிப் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் நாள்பட நம் ஆட்டம் மாறுவது ஏன்?

கேள்வி

வணக்கம். மூன்று ஆண்டுகளாக ஆங்கிலத்தில் நடக்கும் ஓர் எழுத்துவழிப் பாத்திரமேற்பு விளையாட்டில் ஒரே பாத்திரத்தை ஏற்று ஆடி வருகிறேன். படம், ஒலி எதுவும் இல்லாமல், திரையில் ஓடும் வரிகளைப் படித்தும் கட்டளைகளையும் வசனங்களையும் தட்டச்சு செய்தும் ஆடுகிற, ‘மட்’ (பலர் ஒரே நேரத்தில் இணைந்து ஆடும் எழுத்துவழி உலகம்) மரபில் வந்த விளையாட்டு அது. சென்ற வாரம் என் பழைய ஆட்டப் பதிவுகளை முதலிலிருந்து படித்தபோது, மூன்று வெவ்வேறு ஆட்கள் அந்தப் பாத்திரத்தை ஆடியதுபோல் இருந்தது.

முதல் சில மாதங்களில், ஒரு சத்திரத்துக்குள் நுழைவதற்கே பன்னிரண்டு வரிகள் எழுதியிருக்கிறேன். மேலங்கியின் நிறம், கண்ணின் கூர்மை, கடந்த காலத் துயரம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் உள்ளே இருந்தவர்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அதன் பிறகு ஓராண்டுக்கு மேல் எழுத்தே குறைந்து, நிலை உயர்த்துவதும் பொருள் சேர்ப்பதும் மட்டும்தான் நடந்திருக்கிறது. இப்போதோ, “ஈரமான மேலங்கியை அடுப்பருகே விரித்துவிட்டு, தன் எதிரே இருந்த நாற்காலியைச் சற்றே வெளியே இழுத்து வைக்கிறான்” என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அதே சமயம், ஆறு மாதம் முன்பு சேர்ந்தவர்கள் நேருக்கு நேர் சண்டையில் என்னை எளிதாக வீழ்த்துகிறார்கள்.

இதை வளர்ச்சி என்பதா, சலிப்பு என்பதா? இத்தகைய விளையாட்டுகளில் திறமை என்று எதைச் சொல்வது? நீண்ட அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

உங்கள் கேள்வி இந்த விளையாட்டுகள் அளவுக்கே பழையது. 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா எழுதத் தொடங்கிய முதல் மட் விளையாட்டைத் தொடர்ந்து வளர்த்தவர் ரிச்சர்ட் பார்ட்டில். அதன் அடுத்த வடிவத்தில், ஆடுபவர்கள் இதில் உண்மையில் எதை நாடுகிறார்கள் என்று மூத்த ஆட்டக்காரர்களுக்கிடையே 1989 நவம்பரிலிருந்து 1990 மே வரை நீண்ட விவாதம் நடந்தது. அதை அடிப்படையாகக் கொண்டு 1996-இல் அவர் வெளியிட்ட கட்டுரைதான், சாதிப்பவர், தேடி அறிபவர், பழகுபவர், தாக்குபவர் என்ற நால்வகைப் பகுப்பைப் பரவலாக்கியது.

பலரும் அந்த நான்கையும் பிறவிக் குணம்போல் எடுத்துக்கொண்டு, தான் எந்த வகை என்று ஒரு வினாத்தாளில் பார்த்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். ஆனால் பார்ட்டில் பின்னாளில் அதை ஒரு பயணமாகவே விரித்தார். புதிதாக வருபவர் முதலில் பிறரைச் சீண்டி, தாக்கி, இங்கே எது செல்லும் எது செல்லாது என்று பார்க்கிறார். பிறகு உலகத்தின் இயக்கத்தை ஆராய்கிறார். அறிந்ததை வைத்து இலக்குகளை எட்டுகிறார். இறுதியில், கூட ஆடியவர்களோடு இருப்பதற்காகவே வருகிறார். இதுவே அதிகம் பேர் செல்லும் வழி என்றும், வேறு வழிகளும் உண்டு என்றும் அவர் எழுதினார்.

உங்கள் இரண்டாம், மூன்றாம் கட்டங்கள் இதனோடு ஏறக்குறைய பொருந்துகின்றன. எனவே, சலிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். சலித்தவர் வருவதை நிறுத்திவிடுவார். நீங்களோ நாற்காலியை இழுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறீர்கள்.

மறுமொழி 2

மேலே உள்ள விளக்கத்தை மதிக்கிறேன். ஆயினும் அது பாதி விடை என்றே கருதுகிறேன். ஆட்டக்காரர் மனத்தில் நிகழும் மாற்றம் அளவுக்கு, விளையாட்டின் கட்டமைப்பும் நடத்தையைத் தீர்மானிக்கிறது. 1989-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஆஸ்ப்னஸ் எழுதிய டைனிமட்டில் எட்ட வேண்டிய நிலைகள் இல்லை; யாரும் அறைகளைக் கட்டலாம். ஆகவே அங்கே வந்தவர்கள் கட்டினார்கள், பேசினார்கள். சிறிது காலத்திலேயே கோப்பன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கிய டிக்குமட்டில் அரக்கர்களைக் கொல்வதும் நிலை உயர்த்துவதுமே மையம். அங்கே வந்தவர்கள் அதைத்தான் செய்தார்கள். இரண்டிலும் ஒரே மாணவர் ஆடியிருந்தால், இரண்டு வகை மனிதராகத் தெரிந்திருப்பார்.

திறமை பற்றி நீங்கள் கேட்டதற்கு, நான் நெடுங்காலம் ஆடிய, 1997-இல் தொடங்கி இன்றும் நடக்கும் அகேயா என்ற மட் விளையாட்டை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். அங்கே சண்டை என்பது உடல்வலுவைக் குறைப்பது மட்டுமன்று, எதிரிக்குக் கேடுகளை ஏற்றுவது. ஒரு கேடு வந்தால் மூலிகை உண்ண முடியாது, மற்றொன்று வந்தால் மருந்தைப் புகைக்க முடியாது, இன்னொன்று களிம்பு பூச விடாது. ஒவ்வொரு மருந்துக்கும், அடுத்ததைப் பயன்படுத்துவதற்குள் கடக்க வேண்டிய சிறு இடைவெளி உண்டு. அந்த இடைவெளிகளைக் கணக்கிட்டு எல்லா வழிகளையும் ஒன்றாக அடைத்துவிட்டால் எதிரி பூட்டப்பட்டுவிடுவார். புதியவர் திரையில் விரையும் அத்தனை வரிகளையும் படிக்க முயன்று தோற்பார். பழகியவரின் கண்ணோ, எதிரி எந்த மருந்தை உட்கொண்டார் என்ற வரியில் மட்டும் நிற்கும். அதிலிருந்து அவர் உடலில் இன்னும் எது மிஞ்சியிருக்கிறது என்று கணிப்பார்.

இதில் ஒரு திருப்பம் உண்டு. மட் விளையாட்டுகளை ஆடப் பயன்படும் மட்லெட் போன்ற மென்பொருள்களில், குறிப்பிட்ட வரி வந்தவுடன் தானே கட்டளை அனுப்பும் ‘ட்ரிக்கர்’களை எழுதத் தெரிந்தவர்கள் ஒரு காலத்தில் அசைக்க முடியாதவர்களாக இருந்தார்கள். தன்னியக்கக் குணப்படுத்தலை விளையாட்டே வழங்கத் தொடங்கியபின் அந்த மேலாதிக்கம் குறைந்து, எந்தக் கேட்டை எந்த வரிசையில் ஏற்றுவது என்ற தீர்மானமே திறமையாயிற்று. உங்களை வீழ்த்தும் புதியவர்கள், தாங்கள் சேர்ந்த நாளில் எது திறமையாக இருந்ததோ அதைக் கற்றவர்கள். நீங்கள் கற்றதில் ஒரு பகுதி விளையாட்டோடு சேர்ந்து பழையதாகிவிட்டிருக்கலாம். அதைத் திரும்பக் கற்க ஒரு மாதம் போதும். விருப்பம் இருக்கிறதா என்பது மட்டுமே கேள்வி.

மறுமொழி 3

பதினைந்து ஆண்டுகளாக இத்தகைய விளையாட்டுகளில் காட்சிகளை நடத்தி வருபவள் என்ற முறையில், எழுத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சண்டையைப் பற்றி மேலே எழுதியவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

புதியவர்களின் எழுத்தில் நான் திரும்பத் திரும்பக் கண்ட குறை நீளம் அன்று. “அவன் அவளைப் பார்க்கிறான், அவள் அஞ்சி நடுங்குகிறாள்” என்று எழுதிவிடுவதே குறை. முதல் பாதி அவருடையது. இரண்டாம் பாதியை எழுதும் உரிமை அந்தப் பாத்திரத்தை ஆடுபவருக்கு மட்டுமே உண்டு. ‘பவர்போசிங்’ என்று ஆட்டக்காரர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். இது வெறும் நயக்குறை அன்று என்பதற்கு, லாம்டாமூ என்ற எழுத்துவழி உலகில் 1993-இல் நடந்ததே சான்று. பிறருடைய பாத்திரங்கள் செய்யாத செயல்களைச் செய்ததாகத் திரையில் காட்டும் ஒரு நிரலைப் பயன்படுத்தி, பலர் கூடியிருந்த அறையில் ஒருவர் பாலியல் வன்முறையை எழுதினார். பாதிக்கப்பட்டவர்களின் துயரம் உண்மையானது. அந்தப் பாத்திரத்தை நிர்வாகி ஒருவர் நீக்கியதும், அந்த உலகத்தை நிறுவிய பாவெல் கர்டிஸ் மனுக்களும் வாக்கெடுப்பும் கொண்ட முறையை ஏற்படுத்தியதும் அதன்பின் நிகழ்ந்தவை.

ஆகவே, எழுத்துத் திறமையை நான் அளப்பது ஒரே முறையில்தான்: உங்கள் வரியைப் படித்தபின் எதிரே இருப்பவருக்குச் செய்வதற்கு எத்தனை வழிகள் திறந்திருக்கின்றன? உங்கள் பன்னிரண்டு வரிகளுக்குப் பின் பிறர் செய்யக்கூடியது, வியந்து பார்ப்பது ஒன்றே. வெளியே இழுத்த நாற்காலியிலோ ஒருவர் அமரலாம், அமர மறுக்கலாம், அது யாருக்காக என்று கேட்கலாம், தன் கோப்பையை அதன்மீது வைத்துவிட்டுப் போகலாம். பழைய பதிவுகளை மறுபடி பாருங்கள். உங்கள் வரிகளை விடுத்து, அவற்றுக்குப் பின் வந்த பிறருடைய வரிகளை மட்டும் படியுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு அவ்வாறே படித்தேன். முதல் மாதங்களில் என் நீண்ட பத்திகளுக்குப் பின் பெரும்பாலும் தலையசைப்புகளும் புன்னகைகளும்தான் வந்திருக்கின்றன; இரண்டு முறை, நான் எழுதி முடிப்பதற்குள் அறையில் இருந்தவர்கள் வெளியேறியிருக்கிறார்கள். அன்று அவர்களை நான் பண்பற்றவர்கள் என்று நினைத்தது நினைவுக்கு வருகிறது. நாற்காலியை இழுத்து வைத்த அந்த வரிக்குப் பின் ஒரு புதிய ஆட்டக்காரர் வந்து அமர்ந்து, மூன்று மணி நேரம் பேசியிருக்கிறார். என்னைச் சண்டையில் வீழ்த்தியவர்களில் அவரும் ஒருவர். கேடுகளின் வரிசையைக் கற்றுத்தருமாறு இன்று அவரிடமே கேட்டிருக்கிறேன்.