ஸ்ட்ரிங் ஆர்ட்: பாதி வேலையில் நூல் தொய்கிறது, என்ன செய்வது?

நூல்கண்டு:
வணக்கம் நண்பர்களே. வட்டமாக ஆணி அடித்து, ஒரே கறுப்பு நூலை இழுத்து முகம் கொண்டுவருவார்களே, அந்த வகையில் தாத்தா படம் செய்துகொண்டிருக்கிறேன். 12 மி.மீ. எம்.டி.எஃப். பலகை, 40 செ.மீ. விட்டம், சுற்றிலும் முக்கால் இஞ்ச் ஆணி 200. பருத்தித் தையல் நூல். மென்பொருள் சொன்ன வரிசைப்படி 3000 கோடு இழுக்க வேண்டும். ஆயிரத்தைத் தாண்டியதும் முதலில் இழுத்ததெல்லாம் தொய்ந்துவிட்டது. இறுக்கி இழுத்தால் இன்னும் மோசமாகிறது. நைலான் நூலுக்கு மாறலாமா?

தையல்காரி:
நைலான் வேண்டாங்க. இழுக்கும்போது நீண்டு, அப்புறம் சுருங்கி ஆணியை இழுக்கும். மெல்லிய பாலியஸ்டர் தையல் நூல் வாங்குங்கள். பருத்தி ஈரக்காற்றை உறிஞ்சும், பிசிறும் அதிகம். எம்பிராய்டரி நூல் அழகுதான், ஆனால் முகத்துக்குத் தடிமன். நாலு கோட்டிலேயே கண் இருக்கும் இடம் அடைந்துபோகும்.

ஆசாரிவீடு:
நூலை விடுங்கள், ஆணியைப் பாருங்கள். ஒரு ஸ்கேலைப் பலகைமேல் செங்குத்தாக நிறுத்தி ஆணிப் பக்கத்தில் வையுங்கள். உள்பக்கம் சாய்ந்திருக்கிறதா?

கணக்குப் போட்டால் காரணம் தெரியும். 3000 கோடு என்றால் 6000 முனை. 200 ஆணிக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 30. முனைக்கு 50 கிராம் இழுவிசை என்றே வையுங்கள், ஒரு குட்டி ஆணியில் ஒன்றரைக் கிலோ வரை ஏறும். எல்லாம் வட்டத்துக்குள் பார்த்துத்தான் இழுக்கும். எதிரெதிர் ஆணிகள் ஆளுக்கு 1 மி.மீ. சாய்ந்தாலே நடுவிலுள்ள பழைய நூல் 2 மி.மீ. தொய்யும். நீங்கள் இறுக்க இறுக்க இன்னும் சாயும்.

எம்.டி.எஃப். என்பது பசை சேர்த்து அழுத்திய மரநார், மெல்லிய ஆணியைக் கெட்டியாகப் பிடிக்காது. 18 மி.மீ. பிளைவுட் நல்லது. ஒரு இஞ்ச் ஆணியில் 15 மி.மீ. உள்ளே, 10 மி.மீ. வெளியே. 15 சுற்று நூல் அடுக்கினாலும் அவ்வளவு உயரம் தேவைப்படாது. நூலை ஆணியின் அடியிலேயே உட்கார வையுங்கள், தலைப்பக்கம் ஏற ஏறச் சாய்க்கும் பலம் கூடும்.

இந்த வட்டத்தில் ஆணிக்கு ஆணி 6 மி.மீ.தான் வருகிறது. அவ்வளவு நெருக்கத்தில் நேரடியாக அடித்தால் மேல் தகடு பிளக்கும். ஆணியைவிடச் சற்று மெல்லிய பிட்டால் துளை போட்டு, குறடால் பிடித்து அடியுங்கள். 10 மி.மீ. கனமுள்ள மரத்துண்டைப் பக்கத்தில் வைத்து, ஆணித்தலை அதன் மட்டத்துக்கு வந்ததும் நிறுத்தினால் எல்லாம் ஒரே உயரம். லேசாக வெளிப்பக்கம் சாய்த்தே அடிக்கலாம். பெயின்ட் அடிப்பதெல்லாம் அதற்கு முன்பே.

நூல்கண்டு:
ஸ்கேல் வைத்துப் பார்த்தேன் அண்ணா, நீங்கள் சொன்னதேதான். தாத்தா நெற்றிப் பக்கம் வரிசையே குனிந்திருக்கிறது. இந்தப் பலகையைக் காப்பாற்ற வழி உண்டா?

ஆசாரிவீடு:
நூலை வெட்டி எடுத்துவிட்டு, ஆணிகளை நிமிர்த்தி, அடியில் தண்ணீர்போல ஓடும் சூப்பர் க்ளூ ஒரு சொட்டு. எம்.டி.எஃப். அதை உறிஞ்சி இறுகும். ஆடும் ஆணிக்கு இது உதவாது, பிடுங்கித்தான் ஆக வேண்டும். நானாக இருந்தால் புதுப் பலகைக்கே போவேன்.

கணக்குவாத்தியார்:
தாத்தாவுக்கு முன் ஒரு சின்ன ஒத்திகை பாருங்கள். வட்டமாக அடித்த 72 ஆணிக்கு எண் போட்டு, 1-ஐ 2-உடன், 2-ஐ 4-உடன், 3-ஐ 6-உடன் இணையுங்கள். 37-க்கு 74 வரும், 72-ஐக் கழித்தால் 2. வளைந்த நூல் ஒன்றுகூட இல்லாமல் இதய வடிவம் எழும்பும். எம்பிராய்டரி நூலுக்கு ஏற்ற இடம் இதுதான். ஆணிகூட அவசியமில்லை. 19-ஆம் நூற்றாண்டில் கணிதம் கற்பித்த மேரி எவரெஸ்ட் பூல் குழந்தைகளுக்கு வளைகோடு காட்டியது அட்டையில் ஊசிநூல் கோத்துத்தான்.

நூல்கண்டு:
சரி, பிளைவுட்டே வாங்குகிறேன். ஒரே சந்தேகம்: நடுவில் ரீல் தீர்ந்தால்?

தையல்காரி:
வெட்டவெளியில் முடிச்சு போடாதீர்கள், வெளிச்சத்தில் புள்ளியாகத் தெரியும். ஆணி வரும்வரை இழுத்து அதிலேயே இரட்டை முடிச்சு, ஒரு பொட்டு ஃபெவிகால், காய்ந்ததும் வாலை நறுக்குங்கள். புது ரீலை அதே ஆணியில் கட்டித் தொடரலாம்.