புதுப்பிப்பு: 4 முதல் 10 வயது வரை கலந்த பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் விளையாட்டு – எது எடுபட்டது?

மகளின் பிறந்தநாளுக்கு வரும் 4 முதல் 10 வயதுப் பிள்ளைகளை, எங்கள் அடுக்குமாடி ஹாலுக்குள்ளேயே என்ன விளையாட வைக்கலாம் என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் மியூசிக்கல் சேர். பெரிய பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். சீக்கிரம் அவுட்டான வாண்டுகள் ஓரமாக நின்று சிணுங்க ஆரம்பித்தார்கள். "நாற்காலியை மட்டும் எடுங்கள், குழந்தையை வெளியே அனுப்பாதீர்கள்" என்று ஒரு அக்கா சொல்லியிருந்தார். அப்படியே மாற்றினோம். கடைசியில் இரண்டே நாற்காலியில் ஒருவர் மடியில் ஒருவராக மொத்தப் பட்டாளமும் தொற்றிக்கொண்டு ஒரே சிரிப்பு! கனமான மர நாற்காலியாகப் போடுங்கள், பிளாஸ்டிக் சாய்ந்துவிடும்.

அதைவிட எடுபட்டது கொலை கொலையா முந்திரிக்கா. ஒரு துண்டு போதும், செலவே இல்லை. வட்டமாக உட்கார்ந்தவர்களில் ஒருவர் முதுகுக்குப் பின்னால் துண்டைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். அவர் அதை எடுத்துத் துரத்திப் பிடிப்பதற்குள், துண்டைப் போட்டவர் சுற்றி ஓடிவந்து அவருடைய காலி இடத்தைப் பிடிக்க வேண்டும். நான் எதிர்பார்க்காத ஒன்று: பெரிய பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே துண்டைப் போட்டுக்கொண்டார்கள், சின்னவர்களுக்கு முறையே வரவில்லை. பெரியவர் ஒருவர், சின்னவர் ஒருவர் என்று ஜோடி சேர்த்து, கைகோத்து ஓடச் சொன்னோம். அப்புறம் யாரும் நிறுத்தவே விடவில்லை.

லெமன் ஸ்பூனில் குட்டிகளுக்கு மட்டும் குழிக்கரண்டி கொடுத்து, கையில் பிடித்து நடக்க விட்டோம். ஸ்பூனை வாயில் கடித்துக்கொண்டு ஓட விடாதீர்கள், விழுந்தால் ஆபத்து.

இன்னொன்று, கேக்கை ஓட்டமெல்லாம் முடிந்த பிறகே வெட்டுங்கள்.