பழைய நம்பரில் மாட்டிக்கொண்ட மளிகைப் பாயிண்டை மீட்க முடியுமா? பெட்ரோலுக்கு அது உதவுமா?

பாம்பன் இட்லிக்கடை:
வணக்கம். மாதம் ஒருமுறை ஸ்கூட்டரில் ராமநாதபுரம் போய் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் உளுந்து, எண்ணெய், ரவை என்று 9,000 ரூபாய்க்கு வாங்குவேன். அங்கே 20 ரூபாய்க்கு 1 பாயிண்ட். 4 பாயிண்டுக்கு 1 ரூபாய் கழிப்பார்கள். எனக்கு 1,960 பாயிண்ட் சேர்ந்திருந்தது. போன வாரம் கழிக்கச் சொன்னேன். ஓடிபி வரவே இல்லை. பில் போடும் பிள்ளை திரையைத் திருப்பிக் காட்டியது. என் பழைய நம்பருக்கு நேரே யாரோ ஓர் ஆணின் பெயர். பின்னால் வரிசை நின்றதால் பேசாமல் வந்துவிட்டேன். 490 ரூபாய் எனக்குச் சின்னத் தொகை இல்லை.

இன்னொன்று, கடை வாசலில் பெட்ரோல் பங்க் படம் போட்ட போஸ்டர் இருக்கிறது. இந்தப் பாயிண்டைக் காட்டி பங்கில் பெட்ரோல் கேட்டால் தெரியாது என்கிறார்கள். எது சரி?

கீழக்கரை பில்லிங்:
அக்கா, அந்தப் பழைய சிம்முக்குக் கடைசியாக எப்போது ரீசார்ஜ் செய்தீர்கள்?

பாம்பன் இட்லிக்கடை:
போன வருடம் மீன்பிடித் தடைக்காலத்தில் விட்டது பாய். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை வீட்டுக்காரர் கடலுக்குப் போகவில்லை. இரண்டு சிம்முக்குப் பணம் போட வழி இல்லை.

கீழக்கரை பில்லிங்:
அதுதான் காரணம். இணைப்பைத் துண்டித்த பிறகு 90 நாள் வரை நம்பரை யாருக்கும் தரமாட்டார்கள். அப்புறம் புதிய ஆளுக்குப் போய்விடும். அவரும் அதே கடைக்கு வந்து நம்பரைச் சொல்லியிருப்பார், பெயரை மாற்றியிருப்பார்கள். உங்கள் பாயிண்ட் அந்தக் கணக்கிலேயே இருக்கலாம். ஓடிபி மட்டும் அவருக்குப் போகும்.

நான் பில்லிங்கில் இருந்தவன். கூட்டம் இல்லாத மதிய நேரமாகப் போய் மேலாளரைப் பாருங்கள், பில் போடுபவர்களால் இதை மாற்ற முடியாது. பழைய பில்கள் கையில் இருக்கிறதா?

பாம்பன் இட்லிக்கடை:
டப்பாவில் போட்டு வைத்தேன், எழுத்தெல்லாம் வெளுத்துவிட்டது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் கடைப் பெயர் மட்டும் லேசாகத் தெரிகிறது. மூன்று பில்லை வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

கீழக்கரை பில்லிங்:
அந்த மூன்றே போதும். கூடவே ஜிபே வரலாற்றில் அந்தக் கடைக்கு அனுப்பிய தேதியும் தொகையும் இருக்கும். பில்லோடு பொருந்தினால் மறுக்க மாட்டார்கள். புதிய நம்பரில் கணக்குத் தொடங்கி, அதற்கு மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

பாயிண்டை விட முக்கியமானது ஒன்று. வங்கிக் கணக்கு, ஆதார், கேஸ் புக்கிங் எதிலாவது பழைய நம்பர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அந்த ஓடிபிகளும் அவருக்குத்தான் போகும்.

உச்சிப்புளி மெக்கானிக்:
அக்கா, ஒரு கணக்குச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். பாம்பனிலிருந்து போக வர 80 கிலோமீட்டருக்கு மேல். கால் வைக்கும் இடத்தில் 25 கிலோ மூட்டையோடு வண்டி லிட்டருக்கு 40 கிலோமீட்டர் கொடுத்தால் 2 லிட்டர், 200 ரூபாய்க்கு மேல். மாதம் கிடைக்கும் 450 பாயிண்ட் வெறும் 112 ரூபாய். ஆடிக் காற்றில் பாலத்தின் மேல் மைலேஜ் இன்னும் இறங்கும். வாரம் ஒருமுறை டயரில் காற்றைப் பாருங்கள், இந்தப் பக்கம் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். மீன் ஏற்றிப் போகும் வேன் திரும்பும்போது காலியாகத்தானே வரும், அதில் போடச் சொல்லலாமே?

பாம்பன் இட்லிக்கடை:
மீன் வாடை உளுந்தில் ஏறிவிடும் தம்பி. மாவு அரைத்த பிறகும் போகாது. ஆனால் கணக்கு சரிதான். பக்கத்தில் இரண்டு கடைக்காரர்கள் இருக்கிறார்கள். மூவரும் சேர்ந்து லோடு ஆட்டோ பேசிப் பார்க்கிறேன்.

மண்டபம்:
போஸ்டர் விஷயம்: கடையின் பாயிண்ட் வேறு, பங்கின் பாயிண்ட் வேறு. இந்தியன் ஆயிலுக்கு எக்ஸ்ட்ரா ரிவார்ட்ஸ் என்று தனித் திட்டம் இருக்கிறது, அதில் தனியாகச் சேர வேண்டும். கடையில் ஒட்டியிருப்பது குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்கினால் தரும் கூப்பனாக இருக்கும். கீழே சின்ன எழுத்தில் தேதியும் பங்கின் பெயரும் பாருங்கள்.

மளிகைக்கும் பெட்ரோலுக்கும் சேர்த்துப் புள்ளி தரும் கடன் அட்டைகள் இருக்கின்றன. ஆனால் மாத உச்சவரம்பு, ஆண்டுக் கட்டணம் இரண்டையும் பார்க்காமல் வாங்காதீர்கள். பங்கில் கடன் அட்டை தேய்த்தால் 1 சதவீதம் கூடுதல் கட்டணம் பிடிப்பார்கள்; அதைத் திருப்பித் தர பல அட்டைகளில் குறைந்தபட்சத் தொகை உண்டு. 200, 300 என்று போடுகிறவர்களுக்கு ஜிபேயே நல்லது.

பாம்பன் இட்லிக்கடை:
நேற்றுப் போய் வந்தேன். மேலாளர் மூன்று பில்லையும் பார்த்து, தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். ஒரு வாரத்தில் 1,960-ஐயும் புதிய நம்பருக்கு மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார். கூப்பன் போன மாதத்தோடு முடிந்துவிட்டது. கேஸ் புக்கிங் பழைய நம்பரில்தான் இருந்தது பாய், மாற்றிவிட்டேன். மூட்டைகள் லோடு ஆட்டோவில் வந்தன. என் பங்குக்கு 150 ரூபாய் கொடுத்தேன்.