அறிவியல் பிடிக்காத பிள்ளைகள், அறிவியல் மார்க்: உங்கள் அனுபவம் என்ன?

தாராவி, டியூஷன் டீச்சர்:
90 அடி ரோடு பக்கம் ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். போன வருடம் ஒன்பதாவது பையன் ஒருவன் வந்த முதல் நாளே, "சயின்ஸ் எனக்கு வராதுக்கா" என்றான். பள்ளித் தேர்வில் 40-க்கு 9. ஏழாவது வரை தமிழ் மீடியம், எட்டாவதில் இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறியவன். வீட்டில் இட்லி வியாபாரம். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து அப்பாவுக்கு ஒத்தாசை செய்துவிட்டுத்தான் பள்ளிக்குப் போவான்.

நுண்ணுயிர்கள் பாடம் வந்தது. புத்தகத்தில் தயிரும் பிரெட்டும். நான் புத்தகத்தை மூடிவிட்டு, "உங்க வீட்டு மாவு எப்படிடா பொங்குது?" என்று கேட்டேன். அரை மணி நேரம் அவன்தான் பேசினான். ஜனவரியில் அண்டாவைச் சாக்கால் சுற்றி வைப்பார்களாம். மே மாதத்தில் சீக்கிரமே பொங்கி வழிந்துவிடுமாம்.

மறுநாள் அரைத்த மாவு கொஞ்சம் கொண்டுவரச் சொன்னேன். இரண்டு கண்ணாடி டம்ளரில் சமமாக ஊற்றி, ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டோம். ஒன்று ஃப்ரிட்ஜில், ஒன்று அடுப்பு மேடையில். மணிக்கொரு முறை அளந்து அவனே அட்டவணை போட்டான். லூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியா விடுகிற கார்பன் டை ஆக்சைடுதான் மாவைத் தூக்குகிறது என்று அப்புறம்தான் சொன்னேன். இன்றுவரை அந்தப் பெயரை அவன் மறக்கவில்லை.

ஆனால் மார்க் ஏறவில்லை. அடுத்த தேர்வில் 11. தெரிந்ததை இங்கிலீஷில் எழுத வார்த்தை கிடைக்காமல் தவித்தான். இரண்டு மாதம், முதலில் தமிழில் சொல்ல வைத்து, பிறகு இங்கிலீஷில் மூன்று வரி எழுத வைத்தேன். 19 வந்தது. அந்த 19-ஐப் பார்த்த பிறகுதான் தானாகவே கேள்வி கேட்க ஆரம்பித்தான். பிடித்தால் மார்க் வரும் என்பார்கள். இவனுக்கு மார்க் வந்த பிறகும் பிடிப்பு கூடியது.

செம்பூர், ஒரு அம்மா:
என் மகள் கதை நேர் எதிர். பத்தாவதில் அறிவியலில் 92. ரிசல்ட் வந்த அன்றே, "இனி சயின்ஸ் வேண்டாம்மா, காமர்ஸ் எடுக்கிறேன்" என்றாள். அழுதுவிட்டேன். ஆனால் வர்லி நேரு அறிவியல் மையத்துக்குக் கூட்டிப் போனால் அவளைக் கிளப்ப முடியாது. வகுப்பில் ஒரு பரிசோதனைகூட அவள் கையால் செய்ததில்லை, விடையை அப்படியே மனப்பாடம் செய்ததுதான் என்று பிறகு சொன்னாள்.

சயான், பள்ளி ஆசிரியர்:
அம்மா, உங்கள் மகளுக்கு அறிவியல் பிடிக்கவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பிள்ளைகளுக்கு அறிவியல் மீதுள்ள மனப்பான்மையை அளக்க, ஃப்ரேசர் என்ற கல்வி ஆய்வாளர் 1981-ல் ஆஸ்திரேலியாவில் வெளியிட்ட டோஸ்ரா என்ற வினாப்பட்டியலில் 70 வாக்கியங்கள், ஏழு பிரிவுகள். பாட வேளையை ரசிப்பது தனி, ஓய்வு நேர ஆர்வம் தனி, அறிவியல் வேலைக்குப் போகும் விருப்பம் தனி. ஒன்றில் தாழ்ந்த பிள்ளை இன்னொன்றில் உயரத்தில் இருக்கலாம். அதிலிருந்து சில வாக்கியங்களைத் தமிழாக்கி என் வகுப்பில் கொடுத்தேன். அறிவியலால் நன்மை உண்டு என்பதற்கு எல்லாரும் கை தூக்கினார்கள். பாட வேளை பிடிக்குமா என்ற இடத்தில் தலையைக் குனிந்துகொண்டார்கள். அன்றிலிருந்து வாரம் ஒரு வேளையாவது கரும்பலகையை விட்டுவிட்டு லேபுக்குப் போகிறோம்.

தாராவி, டியூஷன் டீச்சர்:
சார், அந்த வாக்கியங்களை எனக்கும் அனுப்புங்கள். பையன் இப்போது பத்தாவது. அவன் அப்பா கோடையில் அரைத்த உடனே உப்புப் போடுகிறாராம், குளிரில் மாவு பொங்கிய பிறகுதான் போடுகிறாராம். ஏன் என்று கேட்டான். வரும் ஞாயிறு உப்புப் போட்ட டம்ளர் ஒன்று, போடாதது ஒன்று வைத்துப் பார்க்கப் போகிறோம்.